நாகப்பட்டினம்

நாகப்பட்டினம் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில், காவிரிப் படுகை வங்காள விரிகுடாவைத் தொடும் இடத்தில் அமைந்துள்ள பழமையான துறைமுக நகரமாகும். மக்கள் வழக்கில் இது நாகை எனப்படும். முன்பு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த இந்நகரம், 18 அக்டோபர் 1991 முதல் நாகப்பட்டினம் மாவட்டத்தின் தலைநகராக உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரில் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வாழ்கின்றனர்.

கப்பல்கள் ஒதுங்கி நிற்க இங்கே இயற்கையான விரிகுடா இல்லை. கரையோரக் கடல் ஆழமற்றது. ஆற்று முகத்துவாரமோ மணலால் அடைபடக் கூடியது. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக சீனம், சுமத்ரா, இலங்கை, ஐரோப்பா ஆகிய இடங்களிலிருந்து கப்பல்கள் இங்கு வந்தன. இது எப்படி நடந்தது, பின்னர் ஏன் குறைந்தது என்ற கேள்விகளுக்கு நாகையின் நிலம், காற்று, வரலாறு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அமைவிடமும் நிலமும்

நாகை தஞ்சாவூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ளது. வடக்கே நாகூரும் அதைத் தாண்டிக் காரைக்காலும், தெற்கே வேளாங்கண்ணியும் அதற்கு அப்பால் வேதாரண்யமும் கோடிக்கரையும் உள்ளன. காவிரியின் கிளை ஆறுகளுள் ஒன்றான கடுவையாறு நகரை ஒட்டிக் கடலில் கலக்கிறது. துறைமுகம் இந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான் அமைந்துள்ளது.

நிலம் முழுவதும் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் ஆனது. மலையோ குன்றோ கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள சமவெளி இது. கரைக்கு அப்பாலும் இதே சமவெளி கடலுக்கு அடியில் மெல்லச் சரிந்து செல்கிறது. ஆகவே பெரிய கப்பல்கள் கரைக்கு அருகே வர இயலாது. அவை தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் படகுகளில் ஏறி இறங்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டிலும் இந்த முறையே நீடித்தது.

காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி நாகை மாவட்டம். மேட்டூர் அணையிலிருந்து வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் நீர், கல்லணையைக் கடந்து எல்லா வாய்க்கால்களுக்கும் பங்கிடப்பட்ட பிறகே இங்கு வந்து சேர்கிறது. அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் முதலில் காய்வது கடைமடை வயல்கள்தாம். மழை மிகுந்த ஆண்டுகளில் மேற்கிலிருந்து வடிந்து வரும் வெள்ளம் கடைசியாகத் தேங்குவதும் இங்கேதான்.

பெயர்

நாகர் என்ற பழங்குடியினர் வாழ்ந்ததால் இப்பெயர் வந்தது என்பது பரவலான கருத்து. பட்டினம் என்ற சொல் கடற்கரை நகரைக் குறிக்கும். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறிப்பிடும் 'நிகமா' என்ற ஊர் நாகையே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தேவாரத்தில் இவ்வூர்ச் சிவன் கோயில் நாகைக்காரோணம் எனப்படுகிறது. சோழர் காலத்தில் சோழகுலவல்லிப்பட்டினம் என்ற பெயரும் இந்நகருக்கு இருந்தது.

தட்பவெப்பநிலை

நாகையின் தட்பவெப்பம் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தது. மே மாதப் பகல் வெப்பம் 37 பாகை செல்சியசை எட்டும். பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் வெம்மை சற்றுத் தணியும். சனவரி இரவுகளிலும் வெப்பம் பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை.

ஆண்டு மழையளவு சராசரியாக 1,300 முதல் 1,400 மி.மீ. வரை இருக்கும். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. ஐப்பசி அடைமழை என்று ஊரில் சொல்வது இதைத்தான். கேரளத்துக்கு மழை தரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இழந்து இங்கு வறண்ட காற்றாக வந்து சேர்கிறது.

இந்தப் பருவக்காற்றுகளே பாய்மரக் காலத்தில் கப்பல்களுக்கு உந்துவிசையாக இருந்தன. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் மலாக்கா நீரிணையிலிருந்து மேற்கு நோக்கிப் பாய் விரித்து வரலாம். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திரும்பிச் செல்லலாம். கப்பலோட்டிகள் காற்றுத் திரும்பும் வரை கரையில் காத்திருந்தனர். அக்காலத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்டவை உணவு, குடிநீர், சரக்கு, தங்குமிடம் ஆகியவை. நெல் விளையும் காவிரிச் சமவெளி நாகைக்குப் பின்புறமே இருந்ததால் இவை யாவும் எளிதில் கிடைத்தன. ஆழமான துறை இல்லாத குறையைக் காற்றும் நெல்லும் ஈடுசெய்தன.

வரலாறு

சீனத் துறவி குறிப்பிடும் நாகை

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன பௌத்தத் துறவி இ-சிங், தம் காலத்துத் துறவிகளின் பயணங்களைத் தொகுத்து எழுதினார். அவர்களுள் ஒருவர் மலாய்த் தீபகற்பத்தின் கடாரத்திலிருந்து 30 நாள் கடலில் பயணம் செய்து நாகப்பட்டினத்தை அடைந்தார் என்றும், அங்கிருந்து இரண்டே நாளில் இலங்கை சென்றார் என்றும் அதில் குறிப்பு உள்ளது. பல்லவர் காலத்திலேயே நாகை கிழக்காசியக் கடல்வழியில் ஒரு தங்குமிடமாக இருந்தது இதனால் தெரிகிறது.

சூடாமணி விகாரமும் ஆனைமங்கலமும்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குச் சூடாமணி விகாரம் என்ற பெயர் நினைவிருக்கும். அது கற்பனைக் கட்டடம் அன்று. சுமத்ராவையும் மலாய்த் தீபகற்பத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் சூளாமணிவர்மர் நாகையில் இந்தப் பௌத்தப் பள்ளியைக் கட்டத் தொடங்கினார். அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் அதை முடித்தார். அப்போது சோழநாட்டை ஆண்டவர் சைவராகிய முதலாம் இராசராசன். அவர் தம் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1005-06 அளவில், நாகையை அடுத்த ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை இப்பள்ளிக்கு அளித்தார்.

இக்கொடையை விவரிக்கும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதால் 'லெய்டன் செப்பேடுகள்' எனவும், ஊரின் பெயரால் 'ஆனைமங்கலச் செப்பேடுகள்' எனவும் அழைக்கப்படுகின்றன. பெரிய தொகுதியில் 21 ஏடுகள் உள்ளன. அவற்றுள் 5 ஏடுகளில் வடமொழியும் 16 ஏடுகளில் தமிழும் எழுதப்பட்டுள்ளன. 97 வேலிக்கு மேற்பட்ட நிலத்திலிருந்து ஆண்டுதோறும் 8,900 கலத்துக்கும் அதிகமான நெல் பள்ளிக்குச் சேர வேண்டும் என்பது கொடையின் சாரம். அயல்நாட்டு மன்னர் கட்டிய வழிபாட்டிடம் காவிரிப் படுகையின் நெல்லைக் கொண்டு நடந்தது என்பது இதில் கவனிக்கத்தக்கது.

உறவு இருபுறமும் இருந்தது. ஸ்ரீவிஜய மன்னரின் அதிகாரிகள் நாகைக்காரோணம் சிவன் கோயிலுக்கு அணிகலன்களும் விளக்குகளும் அளித்ததை அக்கோயிலில் உள்ள இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவற்றுள் சீனக் கனகம், அதாவது சீனப் பொன், பற்றிய குறிப்பும் வருகிறது. ஆனால் இந்த நட்பு நிலைக்கவில்லை. கி.பி. 1025 அளவில் இராசேந்திரனின் கடற்படை அதே ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிக் கடாரத்தை வென்றது. அப்படை நாகையிலிருந்து புறப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. பின்னர் உறவு மீண்டது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1090இல், பௌத்தப் பள்ளிகளுக்கான உரிமைகள் உறுதிசெய்யப்பட்டன. இதைக் கூறுவது சிறிய லெய்டன் செப்பேடு. இதில் 3 ஏடுகள் உள்ளன.

1856 முதல் 1934 வரை நாகையின் வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்தன. அவற்றுள் சிறந்த பலவற்றைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். சோழப் பேரரசு மறைந்த பிறகும் இங்குப் பௌத்தம் சில நூற்றாண்டுகள் உயிரோடு இருந்ததற்கு இவை சான்று.

இடிக்கப்பட்ட கோபுரம்

14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், இக்கரையில் இருந்த ஒரு செங்கல் கோபுரத்தையும், அதில் 1267ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துகள் இருந்ததையும் பதிவு செய்துள்ளார். நாகைக்கு வடக்கே 19ஆம் நூற்றாண்டு வரை மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. ஐரோப்பியர் அதைச் சீனக் கோயில் என்றனர். ஊரார் வழக்கில் அது புதுவெளிக் கோபுரம். தட்டையான இக்கரையில் மாலுமிகளுக்கு அது நல்ல அடையாளமாக இருந்தது. வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி 1846இல் அதைப் பார்த்து விவரம் எழுதினார். சிதைந்த நிலையில் இருந்த அக்கோபுரத்தை இடிக்க அங்கிருந்த இயேசு சபையார் அனுமதி கேட்டனர். அரசும் இசைந்தது. 1867இல் கோபுரம் இடிக்கப்பட்டது. அது சூடாமணி விகாரத்தின் பகுதியா, சீனர் எழுப்பிய வேறொரு கட்டடமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கட்டடம் நின்றிருந்தால் இக்கேள்விக்கு விடை காண்பது எளிதாக இருந்திருக்கும்.

ஐரோப்பியர் காலம்

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் நாகையில் குடியேறி வணிகம் செய்தனர். 1658இல் ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். 1690இல் சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றினர். இங்கிருந்து துணி வகைகள் பெருமளவில் ஏற்றுமதியாயின.

இக்காலத்தின் மற்றொரு பக்கமும் மாணவர் அறிய வேண்டியதே. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படையெடுப்பால் தஞ்சைப் பகுதி சூறையாடப்பட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. பசியால் தவித்த மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு, நாகை முதலிய துறைகளிலிருந்து முக்கியமாக இலங்கைக்கும், சிறு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். நெல்லுக்குப் பெயர்பெற்ற நாட்டின் துறைமுகத்திலிருந்தே, பசியால் விற்கப்பட்ட மக்களும் கப்பலேறினர்.

1781 நவம்பரில் ஆங்கிலேயர் நாகையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். 1782 ஜூலை 6 அன்று ஆங்கிலேய, பிரெஞ்சுக் கடற்படைகள் நாகைக்கு அருகே மோதின. 1784இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் நகரம் ஆங்கிலேயருக்கு உறுதியானது. 1799 முதல் 1845 வரை தஞ்சாவூர் மாவட்டத்தின் தலைமையிடமாகவும் நாகை இருந்தது. நகராட்சி 1866இல் அமைக்கப்பட்டது.

தொடர்வண்டியும் மலேயாக் கப்பலும்

தென்னிந்தியாவின் தொடக்ககால இருப்புப் பாதைகளுள் ஒன்று நாகையிலிருந்துதான் போடப்பட்டது. 1861இல் தஞ்சாவூர் வரையும் அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி வரையும் தொடர்வண்டி ஓடியது. நெல்லையும் மக்களையும் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே இப்பாதையின் நோக்கம். மலேயாவின் ரப்பர், கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களுள் மிகப் பலர் நாகையில்தான் கப்பல் ஏறினர். பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்ற பெயர்கள் தஞ்சை மாவட்டக் கிராமங்களில் அன்றாடப் பேச்சில் கலந்தது இப்படித்தான். 'ரஜூலா' என்ற பயணிகள் கப்பல் பல்லாண்டுகள் இவ்வழியில் ஓடியது. 1973இல் அதன் இடத்துக்கு 'சிதம்பரம்' என்ற கப்பல் வந்தது. 1985இல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு இந்தப் பயணிகள் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

துறைமுகத்தின் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நீராவிக் கப்பலுக்குப் பருவக்காற்று தேவையில்லை. ஆழமான நீரும் விரைந்து சரக்கு இறக்கும் வசதியுமே தேவை. செயற்கைத் துறைமுகம் கட்டப்பட்ட சென்னைக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் வணிகம் நகர்ந்தது. முன்பு நாகைக்குச் சரக்கைக் கொண்டுவந்த இருப்புப் பாதை வலைப்பின்னல் விரிந்ததும், அதே சரக்கை வேறு துறைகளுக்குக் கொண்டு சென்றது. நகருக்கு வேலைவாய்ப்பு அளித்த தொடர்வண்டிப் பணிமனையும் 1928இல் திருச்சிக்கு அருகிலுள்ள பொன்மலைக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்பே, 1844இல் நாகையில் தொடங்கப்பட்ட புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்குச் சென்றிருந்தது.

புயலும் ஆழிப்பேரலையும்

நாகையை வாழவைத்த அதே நில அமைப்பு அதற்கு ஆபத்தையும் தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் பல இக்கரையை நோக்கி வருகின்றன. புயற்காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளும்போது, ஆழமான கடலாக இருந்தால் நீர் அடியில் திரும்பிச் செல்ல வழி உண்டு. ஆழமற்ற கடலில் அதற்கு இடமில்லை. ஆகவே நீர் குவிந்து உயர்ந்து தட்டையான நிலத்துக்குள் புகுகிறது. இதுவே புயல் அலை ஏற்றம். அதே நேரத்தில் பெய்யும் கனமழை, கடல் உயர்ந்திருப்பதால் ஆறுகள் வழியே வடிய முடியாமல் வயல்களில் தேங்கிவிடும்.

1952 நவம்பர் 30 அன்று வீசிய புயல் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. 1977 நவம்பர் 12 அன்று நாகைக்கு அருகே கரை கடந்த புயலில் 550 பேருக்கு மேல் இறந்தனர். 2018 நவம்பர் 16 அன்று அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. ஒரு தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், நெல் இழப்பைவிட இந்த இழப்பு நீண்ட காலம் நீடித்தது.

2004 டிசம்பர் 26 அன்று காலை 6.29 மணி அளவில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து நாகைக் கரையைத் தாக்கியது. இந்த இடைவெளியில் கரையில் இருந்த எவருக்கும் எச்சரிக்கை கிடைக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமசுக்கு மறுநாள். கடற்கரையில் மீனவர்களும் சிறுவர்களும், வேளாங்கண்ணியில் திருப்பயணிகளும் நிறைந்திருந்தனர். நாகையை ஒட்டிய அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் ஆகிய மீனவ ஊர்கள் பெரும் அழிவைச் சந்தித்தன. தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,065 பேர் நாகை மாவட்டத்தினர். கடல்நீர் புகுந்த வயல்கள் உப்பேறின. அடுத்து வந்த பருவமழை உப்பைக் கழுவிய பிறகே பல வயல்களில் மீண்டும் நெல் விளைந்தது.

2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. இன்று சுமத்ராவில் நிலம் அதிர்ந்தால் சில நிமிடங்களில் செய்தி வந்துவிடும். இருப்பினும் கருவிகள் மட்டும் போதா. நிலநடுக்கம் பெரிதாக உணரப்பட்டாலோ, கடல் திடீரென வெகுதூரம் உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நிற்காமல் உடனே கரையை விட்டு உள்நாட்டுக்கோ உயரமான கட்டடத்துக்கோ செல்ல வேண்டும் என்பதைக் கடற்கரையில் வாழும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். முதல் அலைக்குப் பின் வரும் அலைகள் இன்னும் பெரிதாக இருக்கலாம். எனவே அதிகாரிகள் சொல்லும் வரை திரும்பி வரக்கூடாது.

பண்பாடு

காயாரோகணர் கோயில். நீலாயதாட்சி அம்மன் உடனுறை காயாரோகணசுவாமி கோயில் மூவராலும் பாடப்பட்ட தலம். தியாகராசருக்குரிய ஏழு விடங்கத் தலங்களுள் இதுவும் ஒன்று. இங்குள்ள சுந்தரவிடங்கரின் நடனம் கடல் அலையின் அசைவைப் போன்றது என்பது மரபு. ஆடிப்பூர விழா சிறப்பானது. 63 நாயன்மார்களுள் ஒருவரான அதிபத்தர் நாகையின் மீனவர் சேரியில் பிறந்தவர். வலையில் கிடைக்கும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவர் வழக்கம். வறுமையில் வாடிய நாளில் பொன்மீன் ஒன்று மட்டுமே கிடைத்தபோதும் அதையும் அவ்வாறே விட்டார் என்பது வரலாறு. ஆவணி மாத ஆயில்ய நாளில் தங்கமீனைக் கடலில் விடும் விழா மீனவர் பங்கேற்புடன் நடைபெறுகிறது. திருமங்கையாழ்வார் பாடிய சௌந்தரராசப் பெருமாள் கோயிலும் இந்நகரில் உள்ளது.

நாகூர் தர்கா. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் அமீது என்ற இறைநேசர் அடங்கிய இடம். இங்குள்ள ஐந்து மினாராக்களுள் 131 அடி உயரமான பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்தார். ஆண்டுதோறும் நடைபெறும் கந்தூரி விழாவின் கொடி நாகையிலிருந்து ஊர்வலமாக நாகூர் செல்கிறது. கடல் கடந்து சென்ற தமிழ் முசுலிம் வணிகர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்காவின் பெயரில் நினைவிடங்கள் எழுப்பினர். சிங்கப்பூரில் உள்ளது 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது.

வேளாங்கண்ணி. ஆரோக்கிய அன்னை பேராலயம் 1962இல் சிறு பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவுக்குப் பல சமயத்தாரும் நடந்தே வருகின்றனர். புயலில் சிக்கித் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் நன்றிக்கடனாகக் கோயில் கட்டினர் என்பது இத்தலத்தின் மரபுக் கதை.

இம்மூன்று தலங்களின் கதைகளிலும் கடலும் கடலில் செல்வோரின் அச்சமும் நம்பிக்கையும் இருப்பதைக் காணலாம்.

தமிழ் இலக்கியத்திலும் நாகைக்கு இடம் உண்டு. நாகையில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் உணவு தாமதமானதைக் குறித்துக் காளமேகப் புலவர் பாடிய பாடல், பழிப்பதுபோல் தொடங்கிப் புகழாகவும் பொருள் கொள்ள இடம் தருவது. தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடி மறைமலையடிகள் 1876இல் நாகையை அடுத்த காடம்பாடியில் பிறந்து, நாகையில் கல்வி பயின்றார்.

இன்றைய நாகை

மீன்பிடித்தலும் வேளாண்மையுமே இன்று முக்கியத் தொழில்கள். விசைப்படகுகளும் கண்ணாடியிழைப் படகுகளும் இங்கிருந்து கடலுக்குச் செல்கின்றன. மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. இலங்கையுடனான கடல் எல்லை அருகில் இருப்பதால், எல்லை கடந்ததாகக் கூறி மீனவர் கைதாவதும் படகுகள் பறிபோவதும் நீண்டகாலச் சிக்கலாக உள்ளது. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நாகையில் உள்ளது.

வேளாண்மையில் குறுவை, சம்பா, தாளடி என்ற பருவங்கள் உண்டு. நெல்லின் பெருமையைப் பேசும்போது அதை விளைவித்தவர்களின் நிலையையும் மறத்தல் ஆகாது. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில், இன்று நாகை மாவட்டத்தில் உள்ள கீழவெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர்.

சரக்குக் கப்பல்கள் இப்போது பெரும்பாலும் நாகூருக்கு வடக்கே வாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் காரைக்கால் துறைமுகத்துக்கே செல்கின்றன. நாகைத் துறையிலிருந்து 14 அக்டோபர் 2023 அன்று இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. சில நாட்களில் நின்றுபோன இச்சேவை 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. இ-சிங் குறிப்பிட்ட துறவிக்கு இரண்டு நாள் ஆன இலங்கைப் பயணம் இன்று சில மணி நேரத்தில் முடிகிறது. வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும்போது கப்பலை நிறுத்த வேண்டியிருப்பது மட்டும் அன்று போலவே இன்றும் உள்ளது.

காணத்தக்க இடங்கள்

காயாரோகணசுவாமி கோயில், சௌந்தரராசப் பெருமாள் கோயில், டச்சுக்காரர் கட்டிய புனித பேதுரு ஆலயம், டச்சுக் கல்லறைகள், மீன்பிடித் துறைமுகம், கடற்கரை ஆகியவை நகருக்குள் உள்ளன. நாகூர், வேளாங்கண்ணி ஆகிய இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். தெற்கே கோடிக்கரையில் வெளிமான்களும், குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளும் உள்ள சரணாலயம் இருக்கிறது. மழைக்காலம் முடிந்த சனவரி முதல் மார்ச் வரை சுற்றிப் பார்க்க ஏற்ற காலம். அப்போது வழியெங்கும் சம்பா அறுவடையையும் காணலாம்.